ஆல்புமின் குறைந்தால் பட்டினி என்று பொருளா?

மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளியின் இரத்தப் பரிசோதனைத் தாளில் ‘ஆல்புமின்’ என்றொரு வரி உண்டு. அவ்வரிக்கு நேரே காணப்படும் எண் குறைந்துவிட்டால், நம் தோட்டக் குடும்பங்களில் உடனே எழுகின்ற பேச்சு ஒன்றுதான்: “சரியான சாப்பாடு இல்லை; உடம்பில் சத்து போய்விட்டது.” இப்பேச்சில் எவ்வளவு உண்மை உண்டு, எவ்வளவு பிழை உண்டு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது வெறும் மருத்துவ நூல் விவகாரம் அன்று. ஒரு பெண்மணியின் கண்ணீரைப் பார்த்த பிறகே இதனை எழுத முற்பட்டேன்.

சுங்கை பட்டாணிக்கு அப்பால், பால்மரமும் செம்பனையும் அடுத்தடுத்து நிற்கும் ஒரு தோட்டம். ஆசிரியப் பயிற்சி முடித்த புதிதில் அத்தோட்டப் பள்ளியில் சில காலம் பாடம் நடத்தியவன் நான். அங்கே பால்வெட்டும் தொழிலாளி ஒருவர், வயது ஐம்பத்திரண்டு, பத்தாண்டுகளாக இனிப்பு நீர் வியாதி உள்ளவர், மழைக்காலத்தில் கடுங்காய்ச்சலுடன் அரசாங்க மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சேர்ந்த அன்று அவருடைய ஆல்புமின் அளவு 31. மூன்றாம் நாள் 22. கால்கள் வீங்கத் தொடங்கின.

பார்க்க வந்த நாத்தனார் அந்த எண்ணைக் கேட்டு அறிந்துகொண்டு, “என் தம்பியைப் பட்டினி போட்டுவிட்டாள்” என்று வார்டு வாசலிலேயே சொல்லிவிட்டார். நோயாளியின் தமையனாரோ, தாலிக்கொடியை அடகுக் கடையில் வைத்தேனும் புரத மாவு டின்கள் வாங்க வேண்டும், ‘ஆல்புமின் பாட்டில்’ ஏற்றச் சொல்ல வேண்டும் என்று நின்றார். நான் நலம் விசாரிக்கச் சென்றபோது அந்த அம்மையார் மடித்த தாளை என்னிடம் நீட்டி, “வாத்தியாரய்யா, நான் அவருக்குச் சோறு போடலைன்னு இதில எழுதியிருக்குதாமே, உண்மையா?” என்று கேட்டார்.

உண்மையன்று. ஏன் உண்மையன்று என்பதைச் சற்றுப் பொறுமையாகக் காண்போம்.

ஆல்புமின் செய்யும் வேலை

இரத்தத்திலிருந்து அணுக்களைப் பிரித்தெடுத்துவிட்டால் எஞ்சுவது வைக்கோல் நிறமான நீர். அந்நீரில் பலவகைப் புரதங்கள் கரைந்திருக்கின்றன. அவற்றுள் பாதிக்கும் மேற்பட்ட பங்கு ஆல்புமினே ஆகும். அதனை உற்பத்தி செய்வது கல்லீரல். நலமாக உள்ள வளர்ந்தவர் ஒருவருடைய கல்லீரல் நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 முதல் 15 கிராம் வரை ஆல்புமினைச் செய்து இரத்தத்தில் விடுகிறது. லிட்டருக்கு 35 முதல் 50 கிராம் வரை இருப்பது பொதுவாக இயல்பான அளவாகக் கொள்ளப்படுகிறது.

இதற்கு முக்கியமாக இரண்டு வேலைகள். ஒன்று, இரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைத்திருத்தல். இது குறைந்தால் நீர் குழாயைவிட்டு வெளியேறித் தசையிலும் தோலுக்கடியிலும் தங்குவது எளிதாகிறது. மற்றொன்று, சுமை தூக்குதல். காண்டாவில் பால் வாளி சுமந்த காலத்தை அறிந்த மூத்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கொழுப்பு அமிலங்கள், பித்த நிறமி, சுண்ணாம்புச் சத்து, நாம் விழுங்கும் மருந்துகளிற் சில ஆகியவற்றை ஆல்புமின் தன் மேல் ஏற்றிக்கொண்டு உடலெங்கும் கொண்டு செல்கிறது.

ஒருமுறை செய்யப்பட்ட ஆல்புமின் எளிதில் அழிந்துவிடுவதில்லை. இன்று உள்ளதில் பாதி அழிவதற்கு ஏறக்குறைய 20 நாட்கள் ஆகும். இந்த 20 என்னும் எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் ஒரு கணக்குக்கு இது தேவைப்படும்.

அழல் மூண்ட உடல்

கிருமி புகுந்தாலும், எலும்பு முறிந்தாலும், பெரிய அறுவை நடந்தாலும், தீப்பட்டாலும் உடல் ஒரே வகையாக எழுந்து நின்று போராடுகிறது. இதனை மருத்துவர்கள் அழற்சி என்பர். அழல் என்றால் நெருப்பு. செம்மை, வெம்மை, வீக்கம், வலி என நான்கு அடையாளங்களை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உரோமாபுரியைச் சேர்ந்த செல்சஸ் என்பவர் எழுதி வைத்தார். முள் குத்திய விரலில் இந்நான்கையும் நாமே காணலாம். அழற்சி உடல் முழுவதும் மூளும்போது அது விரலோடு நிற்பதில்லை; கல்லீரலுக்கும் செய்தி போகிறது.

பால்மரக் காட்டில் தீப்பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தண்டல் என்ன செய்வார்? நிரையில் நிற்கின்ற ஆட்களையெல்லாம் அழைத்துத் தீயை அணைக்க அனுப்புவார். அன்று ஸ்டோருக்கு வந்து சேரும் பால் குறைவாகத்தான் இருக்கும். மாலையில் கணக்குப் பார்க்கும் கிராணி, “பால் குறைந்துவிட்டது, மரங்களுக்கு உரம் போடவில்லை போலும்” என்று எழுதினால் நாம் சிரிக்க மாட்டோமா? மரத்தில் பால் இருக்கிறது. வெட்டும் ஆள் வேறு வேலைக்குப் போயிருக்கிறார்.

கல்லீரலிலும் இதுவே நடக்கிறது. போராடும் வெள்ளணுக்கள் வெளியிடுகின்ற சில வேதிப்பொருள்கள் கல்லீரலை அடைந்து, ஆல்புமின் உற்பத்தியைக் குறைத்து, போராட்டத்துக்கு வேண்டிய வேறு புரதங்களைப் பெருமளவில் செய்யுமாறு தூண்டுகின்றன. அப்படிப் பெருகுகின்ற புரதங்களுள் ஒன்று சி.ஆர்.பி. எனப்படுவது. நியூயார்க்கிலுள்ள ராக்பெல்லர் ஆய்வுக்கழகத்தில் நுரையீரல் காய்ச்சல் நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்த டில்லெட், பிரான்சிஸ் என்னும் இருவர் 1930ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்தனர். நலமுள்ளவரிடம் லிட்டருக்குச் சில மில்லிகிராமே இருக்கும் இது, கடும் தொற்றில் ஓரிரு நாளில் நூற்றுக்கணக்கில் ஏறிவிடும். நம் பால்வெட்டுத் தொழிலாளியின் தாளிலும் அது இருந்தது: 280. ஆல்புமின் வரிக்குச் சில வரிகள் கீழேதான். அந்த எண்ணை உறவினர் ஒருவரும் பார்க்கவில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

கல்லீரல் வேலையை மாற்றிக்கொண்டது மட்டுமே காரணமாக இருக்குமா? இங்கேதான் அந்த 20 நாட் கணக்கு உதவுகிறது. பாதி அழிய 20 நாள் ஆகுமெனில், கல்லீரல் ஒரு துளி ஆல்புமின்கூடச் செய்யாமல் முற்றாக நின்றுவிட்டாலும் ஒரு நாளில் குறைவது நூற்றுக்கு மூன்றரைப் பங்கு அளவே. மூன்று நாளில் பத்துப் பங்கு. 31ஆக இருந்தது 28க்கு வந்திருக்க வேண்டும். ஆனால் 22க்கு வந்துவிட்டது. மீதியெல்லாம் எங்கே போயிற்று?

குழாயைவிட்டு வெளியே போயிற்று. இரத்தக் குழாயின் சுவர் தகரக் குழாயின் சுவரைப் போன்றதன்று. நலமான உடலிலும் குழாய்க்குள் இருக்கும் ஆல்புமினில் நூற்றுக்கு ஐந்து பங்கு மணிக்கு மணி சுவர் வழியே கசிந்து, தசைகளினூடே சுற்றி, நிணநீர் வழியாகத் திரும்பி வருகிறது. நம் உடலில் ஓடும் குருதி நீர் ஏறத்தாழ 3 லிட்டர். அதில் உள்ள ஆல்புமின் 120 கிராம் என்று கொண்டால், மணிக்கு 6 கிராம் வெளியே போய் வருகிறது. நாள் முழுவதும் கல்லீரல் செய்வதோ பத்துப் பதினைந்து கிராம். ஆக, கசிவு சற்றுக் கூடினாலே போதும். கல்லீரல் எவ்வளவு முயன்றாலும் அதனை ஈடு செய்ய இயலாது.

அழற்சியின்போது இக்கசிவு கூடத்தான் செய்கிறது. போராடும் அணுக்களும் புரதங்களும் காயம்பட்ட இடத்தை அடைவதற்காகக் குழாய்ச் சுவர்கள் நெகிழ்ந்து வழிவிடுகின்றன. 1985ஆம் ஆண்டில் பிளெக் என்னும் மருத்துவ அறிஞரும் அவருடைய துணைவர்களும் ‘லான்செட்’ இதழில் தங்கள் அளவீடுகளை வெளியிட்டனர். இருதய அறுவை முடிந்த ஏழு மணி நேரத்துக்குள் கசிவு இரட்டிப்பானது. கிருமி நஞ்சால் அதிர்ச்சி நிலையை அடைந்தவர்களிடம் 300 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது. இவற்றோடு, நோயாளியின் கையில் ஏற்றப்படும் உப்பு நீரும் சேர்ந்து இரத்தத்தை நீர்க்கச் செய்கிறது. எண் சரிவதற்கு இவ்வளவு வழிகள் இருக்கும்போது சோற்றுப் பானையை மட்டும் குறை கூறுவது எவ்வாறு பொருந்தும்?

வேறொரு பக்கமிருந்தும் இதனைச் சோதித்துப் பார்க்கலாம். நோயில்லாமல் பட்டினி மட்டும் கிடந்தால் ஆல்புமின் என்ன ஆகும்? இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஏன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். தாமாக முன்வந்த அவர்கள் 24 வாரங்கள் அரை வயிற்று உணவில் வைக்கப்பட்டனர். உடல் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கரைந்து, விலா எலும்புகள் தெரியும் நிலையை அடைந்தனர். அப்படியிருந்தும் இரத்தப் புரதம் சிறிதளவே குறைந்தது. எலும்பும் தோலுமான மனிதரிடம் ஏறத்தாழ இயல்பான எண். மூன்று நாள் முன்பு வரை முழுச் சாப்பாடு சாப்பிட்டவரிடம் 22. இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

இந்நம்பிக்கை வந்த வழி

இப்படியிருக்க, ஆல்புமினைச் சத்துக்கு அளவுகோலாகக் கருதும் வழக்கம் எப்படி வந்தது? தோட்டத்து மக்களைக் குறை சொல்ல முடியாது. மருத்துவ உலகமே நீண்ட காலம் அப்படித்தான் நினைத்திருந்தது.

1930களில் சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவ அம்மையார், இன்று கானா எனப்படும் ஆப்பிரிக்க நாட்டில், தாய்ப்பால் மறந்த குழந்தைகள் உடல் வீங்கி மடிவதைக் கண்டு எழுதினார். குவாஷியோர்கர் என்னும் அந்நோயின் பெயரை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் அவரே. பின்னர் 1936இல் அவர் மலாயாவுக்கு மாற்றலாகி வந்தார் என்பது நம் நாட்டவர் பலர் அறியாத செய்தி. அக்குழந்தைகளின் இரத்தத்தில் ஆல்புமின் குறைந்திருப்பது பிறகு அறியப்பட்டது. புரத உணவு இல்லை, ஆகவே ஆல்புமின் இல்லை என்று கணக்குப் போட்டார்கள். அக்குழந்தைகளை ஓயாது தாக்கிக் கொண்டிருந்த கிருமித் தொற்றுகளுக்கு அக்கணக்கில் போதிய இடம் கொடுக்கப்படவில்லை. 1974இல் அமெரிக்க மருத்துவமனைகளில் நோயாளிகள் கவனிப்பாரின்றிச் சத்துக் குன்றுகின்றனர் என்ற நியாயமான கூக்குரல் எழுந்தபோது, அதனை அளக்க எளிதாகக் கிடைத்த கருவி ஆல்புமின் எண்ணாக இருந்தது. ஒரு துளி இரத்தம், ஓர் எண். மனிதரைத் தொட்டுப் பார்க்கும் சிரமம் இல்லை. இந்த வசதியும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இக்கருத்து மாறிவிட்டது. 2012இல் அமெரிக்க உணவியல் வல்லுநர் அமைப்புகள் கூடிச் சத்துக்குறைவின் அடையாளங்களை வரையறுத்தபோது ஆல்புமினை அதில் சேர்க்கவில்லை. 2020இல் இன்னும் தெளிவாக, இது அழற்சியின் அடையாளமே அன்றி உணவுச் சத்தின் அளவுகோல் அன்று என்று அறிவித்தனர். அப்படியானால் அவ்வெண் பயனற்றதா? இல்லை. ஆல்புமின் மிகத் தாழ்ந்த நோயாளி ஆபத்தான நிலையில் இருக்கிறார்; உடலில் நெருப்பு பெரிது என்று அது எச்சரிக்கிறது. மருத்துவர் அதனைப் பார்த்து முகம் சுளிப்பது அதனால்தான்.

முட்டையும் பாட்டிலும்

ஆல்புமின் என்ற பெயர், வெண்மை என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முட்டையின் வெண்கருவுக்கும் ஆங்கிலத்தில் ஏறத்தாழ இதே பெயர்தான். பெயர் ஒன்றாக இருப்பதால் வெண்கருவைத் தின்றால் அதுவே இரத்தத்தில் ஆல்புமினாகச் சேரும் என்று பலர் நினைக்கின்றனர். கோழி முட்டையில் உள்ள புரதம் வேறு. மனித இரத்தத்தில் உள்ளது வேறு. எந்தப் புரதத்தை உண்டாலும் குடல் அதனைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்த பின்னரே உடல் ஏற்றுக்கொள்ளும். அக்கூறுகளைக் கொண்டு எதனைக் கட்டுவது என்பதைக் கல்லீரல் தீர்மானிக்கிறது. அக்கல்லீரலோ இப்போது தீயணைக்கும் வேலையில் இருக்கிறது. முட்டை நல்ல உணவு. தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் நாளைக் காலையில் எண் ஏறும் என்று எதிர்பார்த்துக் கொடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும். மேலும், நீண்டகால இனிப்பு நீர் நோயாளிகளுக்குச் சிறுநீரகம் பழுதுபட்டிருக்கக் கூடும். கடையில் விற்கும் புரத மாவை மருத்துவரையோ உணவியலாளரையோ கேளாமல் கொடுப்பது தகாது.

அடுத்து, பாட்டில். கொடையாளர்களின் இரத்தத்திலிருந்து ஆல்புமினைப் பிரித்தெடுக்கும் முறையை 1940ஐ ஒட்டி அமெரிக்க வேதியியலார் எட்வின் கோன் கண்டார். 1941 டிசம்பரில் பெர்ல் துறைமுகத்தில் காயமுற்றவர்களுக்கு அது கொடுக்கப்பட்டது. விலை மிகுந்த பொருள். அதனை ஏற்றினால் எண் சற்று ஏறும் என்பது மெய்யே. ஆனால் உயிர் பிழைப்பாரா? ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தீவிர கண்காணிப்புப் பிரிவுகளில் இருந்த ஏறக்குறைய 7,000 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஆல்புமின் கரைசலும், மற்றவர்க்குச் சாதாரண உப்பு நீரும் கொடுத்துப் பார்த்தனர். 2004இல் முடிவு வெளிவந்தது. 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் ஆல்புமின் பெற்றோரில் 726 பேர். உப்பு நீர் பெற்றோரில் 729 பேர். வாளியில் ஓட்டை பெரிதாக இருக்கும்போது மேலே ஊற்றுவது ஓட்டை வழியேதான் போகும். கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு அந்நீரை மிகுதியாக இறக்கும் வேளை போன்ற சில நிலைகளில் ஆல்புமின் பாட்டில் உண்மையாகவே உதவுகிறது. அதனை மருத்துவர் அறிவார். “மற்றவருக்கு ஏற்றினார்கள், எங்களுக்கு ஏற்றவில்லை” என்று மனம் புழுங்க வேண்டியதில்லை.

தீ எங்கிருந்து வந்தது?

நம் தொழிலாளிக்கு வந்தது மெலியோய்டோசிஸ் என்னும் நோய். பெயர் புதிதாகத் தோன்றினாலும் நோய் நம் மண்ணிலேயே இருப்பது. சொல்லப்போனால் மண்ணுக்குள்ளேயே இருப்பது. இதன் கிருமி ஈர நிலத்திலும் சேற்று நீரிலும் வாழ்கிறது. காலில் உள்ள கீறல் வழியாகவோ, மூச்சு வழியாகவோ, குடிநீர் வழியாகவோ புகுகிறது. இதனை முதன்முதலில் விவரித்தவர்கள் இரங்கூன் மருத்துவமனையில் பணியாற்றிய விட்மோர் என்பவரும், சி. எஸ். கிருஷ்ணசாமி என்னும் நம்மவரும் ஆவர், ஆண்டு 1911–12. மெலியோய்டோசிஸ் என்று பெயரிட்டவர்களோ கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஸ்டாண்டன், பிளெட்சர் இருவரும். அது 1921இல்.

கெடா மாநிலம் இந்நோயை நன்கு அறிந்த மாநிலம். அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனையில் 2005 முதல் 2008 வரை பதிவான 145 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஆண்டுதோறும் இலட்சம் பேரில் 16 பேருக்கு மேல் இந்நோய் கண்டது. நோயுற்றோருள் பாதிக்கும் மேற்பட்டோர் இனிப்பு நீர் உள்ளவர்கள். ஏறக்குறைய மூவரில் ஒருவர் இறந்தனர். விடியுமுன் ஈரக் காட்டில் நிரை நிரையாக நடக்கின்ற நம் மக்களுக்கு இவ்வெண்கள் சாதாரணமானவை அல்ல. காலில் புண் உள்ளவர்கள், குறிப்பாக இனிப்பு நீர் உள்ளவர்கள், புண்ணை மூடிக் கட்டி, முழங்கால் வரை உயர்ந்த ரப்பர் காலணி அணிந்தே காட்டுக்குள் இறங்க வேண்டும். இரண்டு மூன்று நாள் காய்ச்சல் நீடித்தால் கடை மாத்திரையோடு நின்றுவிடாமல் சுகாதார நிலையத்துக்குச் சென்று, “எனக்கு இனிப்பு நீர் உண்டு, மண்ணிலும் சேற்றிலும் வேலை செய்கிறவன்” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இவ்விரு செய்திகளும் மருத்துவரின் எண்ணத்தை உரிய திசையில் திருப்பும். இந்நோய்க்குச் சாதாரணக் கிருமிக்கொல்லிகள் பல பலன் தருவதில்லை. உரிய மருந்தை ஏறத்தாழ இரண்டு வாரமேனும் ஊசி வழியாகவும், பின்னர் மூன்று மாத அளவு மாத்திரையாகவும் கொடுக்க வேண்டியிருக்கும். ஆல்புமினை உயர்த்திய மருந்து எதுவென்று கேட்டால், அந்த ஊசிதான்.

எல்லா ஆல்புமின் குறைவுக்கும் தொற்றே காரணம் என்று எண்ணிவிடலாகாது. சம்சுக்குப் பழகிக் கல்லீரல் கெட்டவர்களிடம் உற்பத்தியே குன்றியிருக்கும். சிறுநீரகம் பழுதானவர்களிடம் சிறுநீரில் நுரை நுரையாகப் புரதம் வெளியேறும். காய்ச்சல் எதுவுமில்லாமல் கால் வீங்கினால் இவ்விரண்டையும் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

பட்டினியை எவ்வாறு அறிவது?

சாப்பாடு முக்கியமல்ல என்று யாரும் பொருள் கொண்டுவிட வேண்டாம். அழற்சி, உடலின் தசையை அரித்துத் தின்கிறது. படுக்கையில் கிடக்கும் நோயாளி உணவும் குறைத்தால் இழப்பு இருமடங்காகிறது. சுவிட்சர்லாந்தில் எட்டு மருத்துவமனைகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், ஒவ்வொருவருக்கும் ஏற்ற உணவைத் திட்டமிட்டுக் கொடுத்தபோது 30 நாட்களுக்குள் இறந்தோர் நூற்றுக்குப் பத்திலிருந்து ஏழாகக் குறைந்தனர். அந்நோயாளிகளை எவ்வாறு தேர்ந்தெடுத்தனர்? எடை இழப்பையும், உண்ட அளவையும், நோயின் கடுமையையும் பார்த்து. பின்னர் அதே நோயாளிகளின் ஆல்புமின் எண்களை எடுத்துப் பார்த்தபோது, எண் குறைந்தவர்கள் அதிகமாக இறந்தது தெரிந்தது. ஆனால் உணவால் யார் பயன் பெறுவார் என்பதை அவ்வெண்ணால் கூற முடியவில்லை.

ஆகவே வீட்டார் கவனிக்க வேண்டியவை வேறு. சென்ற மூன்று நான்கு மாதங்களில் எடை எவ்வளவு குறைந்தது? கால்சட்டையின் இடுப்பு தொளதொளத்ததா? கன்னப்பொறியும் தோள்பட்டையும் குழி விழுந்தனவா? தொடைத் தசை சுருங்கிற்றா? கைப்பிடி தளர்ந்ததா? இக்கடைசிக் கேள்வியை மருத்துவமனையில் ஒரு கருவியை அழுத்தச் சொல்லி அளப்பார்கள். பால் வெட்டுபவருக்கு உளி பிடிக்கும் கையே அதனைச் சொல்லிவிடும். எடையைப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை: கால் வீங்கியிருந்தால் நீரின் பாரம் சேர்ந்து, தசை இழப்பை எடைக் கருவி மறைத்துவிடும். வீக்கத்தைச் சதை பிடித்ததாக எண்ணி மகிழ்ந்தவர்களும் உண்டு.

வார்டில் கொடுத்த தட்டில் எவ்வளவு மீந்தது என்பதைத் தாதியிடம் தயங்காமல் சொல்லுங்கள். தட்டு வந்தது என்று ஏட்டில் இருக்கும். உண்டாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும். மருத்துவமனையில் இருப்பவர்களிற் பலருக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 1 கிராம் வீதமாவது புரதம் தேவை என்று வல்லுநர்கள் கூறுகின்றனர். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அறுபது கிராம். கெம்போங் மீன், கோழி, முட்டை, தௌஹு, தெம்பே, பருப்பு ஆகிய எல்லாம் இதற்கு உதவும். டின் மாவு இல்லாமலே இதனை எட்டலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் உணவியலாளர் சொல்லும் அளவே அளவு.

இவற்றையெல்லாம் அன்று வார்டுக்கு வெளியே இருந்த பலகையில் அமர்ந்து, தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டு, அந்த அம்மையாருக்கும் நாத்தனாருக்கும் சேர்த்தே சொன்னேன். காட்டில் தீப்பிடித்த உவமையை நாத்தனார் உடனே பிடித்துக்கொண்டார். அவரும் முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். “அப்படின்னா ஆள் எப்ப நிரைக்குத் திரும்புவான்?” என்று அவர் கேட்டார். சி.ஆர்.பி. இறங்கத் தொடங்கிய பிறகு என்றேன். தமையனார் அதற்குள் இரண்டு டின் மாவு வாங்கிவிட்டிருந்தார். நல்லவேளையாக அடகுக் கடை வரை விஷயம் போகவில்லை.

முதல் வாரம் 22ஐச் சுற்றியே நின்ற எண், நான்காம் வாரம் 29 ஆயிற்று. வீடு திரும்பி மாத்திரை சாப்பிட்டு வந்து, மூன்றாம் மாதம் கிளினிக்கில் பார்த்தபோது 38. சி.ஆர்.பி. 4. தாளைப் பார்த்தால் முழு நலம் பெற்றவர் என்றே தோன்றும். ஆனால் மருத்துவர் அவரை எடைக் கருவியில் ஏற்றினார். வீக்கம் வடிந்த பிறகு, நோய்க்கு முன்பு இருந்ததைவிட 9 கிலோ குறைவு. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழச் சொன்னார், முடியவில்லை. இன்னும் இரண்டு மாதம் பால் வெட்டப் போகக் கூடாது, நாள்தோறும் நடக்க வேண்டும், ஒவ்வொரு வேளையும் மீனோ முட்டையோ தௌஹுவோ தட்டில் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை இம்முறை நாத்தனார்தான் வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.